சுப்பர்மான் திரைப்படங்கள் நான்கு: ஒரு வரலாற்று நோக்கு

வெகுசனங்கள் விரும்பிச் சுவைக்கும் கலைவடிவங்களைப் புலமையுலகம் பெரும்பாலும் இரண்டு வகையாகவே அணுகி வந்துள்ளது. அவற்றைப் பொருட்படுத்தத் தகாதன என ஒதுக்கிவிடுவது ஒருவகை. அவை யாவும் ஆதிக்கத்தின் கருவிகளே என ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவது மற்றொரு வகை. இரண்டிலும் ஒரு வசதி உண்டு. படத்தைப் பார்க்க வேண்டிய தேவை எழுவதில்லை. 1978 இற்கும் 1987 இற்கும் இடையில் கிறிஸ்தோபர் றீவ் என்னும் நடிகர் நாயகனாகத் தோன்றிய சுப்பர்மான் திரைப்படங்கள் நான்கும் இவ்விருவகைத் தீர்ப்புக்கும் ஆளானவை. வெளிவந்த காலத்தில் அவை ஆண்டுகள் இடைவிட்டுத் தனித்தனியே பார்க்கப்பட்டன. இன்று அவற்றை அடுத்தடுத்து வைத்து மீளப் பார்க்கும் ஒருவருக்கு, அக்காலத்துப் பார்வையாளருக்கு எளிதிற் புலப்பட்டிராத ஒன்று புலப்படும். நான்கு படங்களிலும் பறப்பவன் ஒருவனே. ஆயினும் அவன் எதற்கு எதிராகப் பறக்கிறான் என்பது படத்துக்குப் படம் மாறுகின்றது. இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளாமல் இன்ன படம் சிறந்தது, இன்ன படம் தாழ்ந்தது என வரிசைப்படுத்துவது அத்துணைப் பயனுடையதன்று.

சுப்பர்மான் திரைக்கெனப் பிறந்த பாத்திரமன்று. ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான ஜெரி சீகல், ஜோ சுஸ்ரர் ஆகிய இரு இளைஞர்கள் பொருளாதாரப் பெருமந்த காலத்திலே கற்பனை செய்த பாத்திரம் அது. சீகல் கதை எழுதினார். சுஸ்ரர் படம் வரைந்தார். சீகலின் தந்தை 1932 இல் தமது கடையில் நிகழ்ந்த ஒரு கொள்ளையின்போது உயிர் துறந்தவர் என்பதனையும், எவராலும் வெல்லப்பட முடியாத ஒரு மனிதனை மகன் கற்பனை செய்தமையையும் தொடர்புபடுத்திக் காட்டுவோர் உளர். அது எவ்வாறாயினும், 1938 ஜூன் எனத் திகதியிடப்பட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாவது இதழில் இப்பாத்திரம் முதன்முதலில் தோன்றியபோது அதன் இயல்பு பிற்காலத்தவர் அறிந்த இயல்பாக இருக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அம்முதற் கதையில் அவன் எதிர்கொள்பவர்கள் வேற்றுக்கிரகத்துக் கொடியவர்களல்லர். மனைவியை அடிக்கும் கணவனை அவன் தண்டிக்கிறான். குற்றமிழையாத ஒரு பெண்ணுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட இருக்கையில் ஆளுநரின் படுக்கையறைக் கதவை உடைத்துக்கொண்டு உட்புகுகிறான். வாஷிங்டனில் விலைபோன செனட்டர் ஒருவரைப் பின்தொடர்கிறான். அடுத்த இதழில் ஆயுத உற்பத்தியாளன் ஒருவனைப் பிடித்துப் போர்முனைக்கே கொண்டுசென்று, அவன் செய்த குண்டுகளுக்கு முன்னே அவனையே நிறுத்துகிறான். மூன்றாம் இதழில் பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளரை இறக்கிய முதலாளி அதே சுரங்கத்துள் சிக்கவைக்கப்படுகிறான். எட்டாம் இதழ் இன்னும் வியப்பானது. சேரி ஒன்றை நாயகனே இடித்துத் தரைமட்டமாக்குகிறான். அரசு புதிய வீடுகளைக் கட்டியே தீரவேண்டிய நிலையைத் தோற்றுவிப்பதற்காக! ஒடுக்கப்பட்டோரின் காவலன் என அவன் அறிமுகப்படுத்தப்பட்டமை வெறும் விளம்பர அலங்காரமாக அன்று இருக்கவில்லை.

இப்பாத்திரத்தின் உரிமை முழுவதையும் அவ்விரு இளைஞர்களும் 130 டொலருக்கு வெளியீட்டு நிறுவனத்துக்கு விற்றனர். வேலையற்ற காலத்தில் 130 டொலர் பெரிய தொகையாகவே தோன்றியிருக்கும். பின்னர் பாத்திரம் கோடிக்கணக்கில் வருவாய் ஈட்டத் தொடங்கியதும் அவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு 1948 இல் ஓர் இணக்கத்துடன் முடிந்தது. அதன்பின் அவர்களது பெயர்கள் சித்திரக்கதைப் பக்கங்களிலிருந்து நீக்கப்பட்டன.

பாத்திரமும் அமைதியடைந்தது. போர்க்காலத்தில் வானொலித் தொடரிலே அவனது கொள்கை 'உண்மை, நீதி' என்பவற்றோடு 'அமெரிக்க வழி' என்பதனையும் சேர்த்துக்கொண்டது. 1946 இல் அதே வானொலித் தொடர், கூ கிளக்ஸ் கிளானை ஒத்த வெள்ளையினவெறிக் குழு ஒன்றைத் தாக்கி ஒலிபரப்பியது என்பதனையும் இங்கு மறைத்தல் ஆகாது. பாத்திரத்தின் பழைய குணம் முற்றாக மாய்ந்துவிடவில்லை. ஆயினும் 1948, 1950 ஆம் ஆண்டுகளில் கேர்க் அலின் நடித்த திரைத்தொடர்களும், 1952 முதல் 1958 வரை ஜோர்ஜ் றீவ்ஸ் நடித்த தொலைக்காட்சித் தொடரும் சுப்பர்மானைப் பெரும்பாலும் திருடரைப் பிடிக்கும் ஒரு காவல் உத்தியோகத்தனாகவே காட்டின. சுரங்க முதலாளிகள் கதையிலிருந்து மெல்ல வெளியேறிவிட்டனர்.

இந்நிலையிலேயே அலெக்சாந்தர் சல்கின்ட், அவரது மகன் இலியா சல்கின்ட், பியர் ஸ்பெங்லர் ஆகிய ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் 1974 இல் திரைப்பட உரிமையைப் பெற்றனர். இவர்களைப் பற்றி ஒரு செய்தியை முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. மூன்று மஸ்கற்றியர் கதையை ஒரே படமாக நடிகர்களை வைத்துப் படமாக்கி, பின்னர் அதனை 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இரண்டு படங்களாகப் பிரித்து வெளியிட்டவர்கள் இவர்கள். ஒரு படத்துக்கான சம்பளத்தில் இரண்டு படங்களுக்கு உழைத்ததை அறிந்த நடிகர்கள் நீதிமன்றஞ் சென்றனர். அதன் விளைவாக, எத்தனை படங்களுக்கு நடிகர் ஒப்பந்தமாகிறார் என்பதனைத் தெளிவாகக் குறிக்கும் விதி ஒன்று ஹொலிவூட் ஒப்பந்தங்களில் இடம்பெற்று, சல்கின்ட் என்ற பெயராலேயே வழங்கலாயிற்று. சட்டத்துறை மாணவருக்கு இது ஒரு சுவையான செய்தியாகலாம். சுப்பர்மான் படங்கள் முதலிரண்டும் ஒரே வேளையில் படமாக்கப்படத் தொடங்கியமை இப்பழக்கத்தின் தொடர்ச்சியே. இம்முறை ஒப்பந்தம் வெளிப்படையாக இருந்தது என்பதே வேறுபாடு.

சல்கின்ட்களின் படம் பற்றிய செய்தி வெளியானபோது சீகலுக்கு அறுபது வயதாகியிருந்தது. சுஸ்ரர் கண்பார்வையைப் பெரிதும் இழந்திருந்தார். 1975 இல் சீகல் அப்படத்தைச் சபித்து ஒரு நீண்ட அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் அடம்ஸ், ஜெரி றொபின்சன் முதலிய சித்திரக்கதைக் கலைஞர்கள் அவர்களுக்காகக் குரல் கொடுத்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் வோர்ணர் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியம் வழங்கவும், படைத்தோர் பெயரைப் பாத்திரம் தோன்றும் இடங்களிற் குறிப்பிடவும் இணங்கியது. முதற்படத்தில் சோர்-எல் என்னும் தந்தை வேடத்துக்கு மார்லன் பிராண்டோ பெற்ற சம்பளம் 3.7 மில்லியன் டொலர்; வருமானத்தில் ஒரு பங்கு வேறு. படைத்தவர் ஒருவர் அச்சம்பளத்தைத் தமது ஓய்வூதியத்தால் ஈட்டுவதற்கு 185 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில் திரையில் நகர்ந்து வரும் பெயர்களுள் இவ்விருவர் பெயர்களையும் காண்போர் இக்கணக்கை நினைவிற் கொள்வாராயின் அப்பெயர்களின் பெறுமதி விளங்கும்.

1978 டிசெம்பரில் முதற்படம் வெளிவந்தது. நெறியாளர் றிச்சர்ட் டொனர். 'கோட்பாதர்' நாவலாசிரியர் மரியோ பூசோ எழுதிய திரைக்கதை ஏனையோரால் பலமுறை திருத்தப்பட்டு, இறுதியில் ரொம் மன்கியூவிச் என்பவரால் செப்பனிடப்பட்டது. கேலிக்கூத்தாக முடிந்திருக்கக்கூடிய கதையை நம்பத்தக்கதாக ஆக்கவேண்டும் என்பதே டொனரின் பிடிவாதமாக இருந்தது. படம் மூன்று உலகங்களில் நிகழ்கிறது. முதலாவது, பளிங்குபோல் வெளிறிய கிறிப்ரன் கிரகம். இரண்டாவது, கன்சாஸ் மாநிலத்துக் கோதுமை வயல். இது உண்மையில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் படமாக்கப்பட்டது. மூன்றாவது, மெற்றோப்பொலிஸ் எனப் பெயர் சூட்டப்பட்ட நியூயோர்க். இவற்றுள் இரண்டாவதே மிகச் சிறந்தது. வளர்ப்புத் தந்தை இதயநோயால் வயலோரப் பாதையில் சாய்கிறார். எத்தனை வலிமையிருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என இளைஞன் வருந்துகிறான். ஒளிப்பதிவாளர் ஜெப்ரி அன்ஸ்வேர்த் அக்காட்சிகளுக்குத் தந்த மென்மையான ஒளி பழைய நினைவொன்றைக் காண்பதுபோன்ற உணர்வை ஏற்படுத்துகிறது. படம் வெளிவருவதற்கு முன்னரே அவர் காலமானார். படம் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

மனிதன் பறப்பதனை நம்பவைத்தல் இப்படத்தின் தொழில்நுட்பச் சவாலாக இருந்தது. முந்திய திரைத்தொடர்களில் நாயகன் பறக்கும் கணத்தில் கேலிச்சித்திர உருவமாக மாறிவிடுவான். சோறான் பெரிசிக் என்பவர் அமைத்த முறையில், பின்னணிக் காட்சியை எறியும் கருவியிலும் நடிகரைப் பதியும் கமராவிலும் ஒரே கதியில் இயங்கும் குவியம் மாறும் வில்லைகள் பொருத்தப்பட்டன. இரண்டும் ஒருங்கே இயங்கும்போது பின்னணி மாறாதிருக்க நடிகர் மட்டும் நெருங்கி வருவதுபோலத் தோன்றும். இத்தகைய காட்சி உத்திகளுக்காகப் படத்துக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட்டது. எனினும், பறத்தலை நம்பவைப்பதில் கருவிக்கு நிகரான பங்கு நடிகரின் உடலுக்கும் உண்டு. லோயிஸ் லேனின் வீட்டுக் காட்சி ஒன்றில் கிளார்க் கென்ற் தனது மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறான். தோள்கள் விரிகின்றன, குரல் தாழ்கிறது, உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். மறுகணம் துணிவிழந்து மீண்டும் கூனிக் குறுகிவிடுகிறான். எவ்வித தந்திரக் காட்சியும் அங்கில்லை. நாடக மேடையிற் பயின்ற ஒருவரால் மட்டுமே அதனைச் செய்ய முடியும்.

இனி, படத்தின் சமூக நோக்கு. வியற்நாம் போரும் வாட்டர்கேற் ஊழலும் அமெரிக்கரின் தன்னம்பிக்கையைக் குலைத்திருந்த காலம் அது. நியூயோர்க் நகரம் 1975 இல் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. 1977 ஜூலையில் அந்நகரம் மின்தடையால் இருளில் மூழ்கியபோது படப்பிடிப்புக் குழுவினர் அங்கேயே இருந்தனர். உண்மைக்கும் நீதிக்கும் அமெரிக்க வழிக்குமாகப் போராட வந்துள்ளதாக நாயகன் கூற, அப்படியானால் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒவ்வொருவருடனும் நீ மோத நேருமே என்ற கருத்தில் லோயிஸ் சிரிக்கிறாள். படத்தின் மிக நேர்மையான கணம் இதுவேயாகும். ஆயின் அக்கணத்துக்கு அப்பால் படம் செல்லத் துணியவில்லை. ஜீன் ஹக்மன் நடித்த வில்லன் லெக்ஸ் லூதர் ஒரு காணி ஊகவாணிபக்காரன். கலிபோர்னியாவின் கரையோரத்தை அணுகுண்டால் கடலில் அமிழ்த்தி, தான் மலிவாக வாங்கிய பாலைநிலத்தைக் கரையோரக் காணியாக மாற்றுவதே அவன் திட்டம். 1938 இன் சீகலுக்கு இது எத்தகைய விருந்தாக அமைந்திருக்கும்! படமோ அவனை நிலத்தடிப் புகையிரத நிலையமொன்றின் கீழ் வாழும் விசித்திரப் பேர்வழியாக்கி, அவனுக்கு ஒரு முட்டாள் உதவியாளனையும் அளித்து, ஊகவாணிபத்தை நகைச்சுவையாகக் கரைத்துவிடுகிறது. காணியை வாங்கிக் குவிப்போர் நகரின் அடியில் வாழ்வதில்லை. உச்சி மாடிகளிலேயே வாழ்கின்றனர்.

முடிவும் குறையுடையது. லோயிஸ் இறந்ததும், மனித வரலாற்றில் தலையிடலாகாது என்ற தந்தையின் ஆணையை மீறி, நாயகன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்திருப்புகிறான். இது முதலில் இரண்டாம் படத்தின் முடிவாகவே திட்டமிடப்பட்டிருந்தது. அவசரத்தில் முன்னே கொண்டுவரப்பட்டமையால், வளர்ப்புத் தந்தையின் மரணக் காட்சி கட்டியெழுப்பிய கருத்து முழுவதும் சிதைவுறுகிறது. எதையும் மீட்கலாமாயின் எந்த இழப்புக்கும் பொருளில்லை. அவ்வாறிருந்தும் கிளார்க் சிதறிய அன்னையிடம் விடைபெறும் கோதுமை வயற் காட்சியும், ஜோன் வில்லியம்ஸின் இசையும், றீவின் நடிப்பும் ஏனைய மூன்று படங்களுக்கும் எட்டாத உயரத்தில் இப்படத்தை வைக்கின்றன.

இரண்டாம் படத்தை மதிப்பிடுவோர் முதலில் எது இரண்டாம் படம் என்ற வினாவுக்கு விடை கூறவேண்டும். இதன் பெரும்பகுதியை டொனர் முதற்படத்துடனேயே படமாக்கியிருந்தார். தயாரிப்பாளருடன் மூண்ட பகையால் அவர் நீக்கப்பட்டு, மஸ்கற்றியர் படங்களை நெறிப்படுத்திய றிச்சர்ட் லெஸ்ரர் அமர்த்தப்பட்டார். பிராண்டோவுக்கு மீண்டும் பங்குப்பணம் கொடுக்க மனமில்லாத தயாரிப்பாளர்கள் அவர் தோன்றிய காட்சிகளை அகற்றி, தந்தையின் இடத்தில் தாயைப் பேசவைத்தனர். ஹக்மன் மீளநடிக்க வரவில்லை. சில இடங்களில் அவரை ஒத்த இன்னொருவரின் உருவம் பயன்பட்டது. இவ்வாறு தைக்கப்பட்ட படம் 1980 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவிலும், 1981 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவிலும் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. கால் நூற்றாண்டின் பின், 2006 இல், டொனரின் காட்சிகளைத் தேடியெடுத்துத் தொகுத்த வடிவம் இறுவட்டாக வெளிவந்தது.

இரண்டையும் ஒப்புநோக்குவது பெரும் பயன் தரும். லெஸ்ரரின் வடிவில், காதலுக்காக ஆற்றலைத் துறந்தவன் அதனை மீளப் பெறுவது எவ்வாறு என்பது தெளிவாக்கப்படுவதில்லை. பச்சைப் பளிங்கொன்று ஒளிர்கிறது, அவ்வளவே. டொனரின் வடிவில், பளிங்கில் எஞ்சியுள்ள தந்தை தனது இறுதிச் சக்தியையும் மகனுக்கு ஈந்து முற்றாக அழிகிறான். மகன் மீண்டும் பறப்பதற்குத் தந்தை இரண்டாம் முறையும் இறக்கவேண்டியுள்ளது. ஒரு தயாரிப்பாளரின் வரவுசெலவுக் கணக்கு, கதையின் உயிர்நிலையையே நீக்கிவிட்டது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. லோயிஸ் அவனது உண்மையுருவைக் கண்டுபிடிக்கும் ஒரு காட்சி ஒருபோதும் முறையாகப் படமாக்கப்படவில்லை. தெரிவுப் பரீட்சைக்காக றீவும் மாகொற் கிடரும் நடித்துக் காட்டிய சோதனைப் பதிவுகளே 2006 வடிவில் அவ்விடத்தை நிரப்புகின்றன. றீவின் உடல் அதில் மெலிந்து காணப்படுகிறது. தலைமயிர் வேறு விதமாயுள்ளது. ஆயினும் அக்காட்சி உயிர்ப்புடையது. அதே வேளை, டொனரின் வடிவம் முதற்படத்தின் காலந்திருப்பும் முடிவையே மீண்டும் பயன்படுத்துகிறது என்பதனையும் கூறவேண்டும். லெஸ்ரரின் முடிவோ முத்தமொன்றால் லோயிசின் நினைவை அழித்துவிடுகிறது. முன்னது தருக்கத்துக்குப் பொருந்தாதது. பின்னது அறத்துக்குப் பொருந்தாதது. ஒரு பெண்ணின் அனுபவத்தை அவளது சம்மதமின்றி அழிப்பது கருணையாகக் காட்டப்படுகிறது.

இப்படத்தில் எதிரி வானத்திலிருந்து வருகிறான். ரெறன்ஸ் ஸ்ராம்ப் நடித்த தளபதி சொட், ஜனாதிபதியை வெள்ளை மாளிகையிலேயே மண்டியிட வைக்கிறான். இறுதியில் நாயகன் தேசியக் கொடியை மாளிகைக்கு மீட்டு வந்து, இனி உம்மைக் கைவிடமாட்டேன் என ஜனாதிபதிக்கு உறுதியளிக்கிறான். தெஹ்ரானில் 444 நாட்கள் பணயக்கைதிகளாக இருந்த அமெரிக்கர் விடுதலையாகி, றீகன் பதவியேற்று ஐந்து மாதங்கள் கழிந்திருந்த வேளையில் இக்காட்சியைக் கண்ட அமெரிக்கருக்கு அதன் பொருள் விளக்கப்பட வேண்டியதாக இருந்திராது. ஆளுநரின் கதவை உடைத்தவன் ஜனாதிபதியின் கூரையைச் செப்பனிடுபவனாக மாறியமையை இங்கே காணலாம்.

மூன்றாம் படத்தைப் பற்றி (1983) விரித்துரைக்க வேண்டியது குறைவு. லெஸ்ரர் முழுமையாகத் தம் விருப்பப்படி நெறிப்படுத்திய படம் இதுவே. தெருவில் ஒருவர்மேல் ஒருவர் விழும் கோமாளித்தனத்துடன் அது தொடங்குகிறது. நகைச்சுவை நடிகர் றிச்சர்ட் பிறையருக்கு 4 மில்லியன் டொலர் கொடுத்து, வேலையற்ற கறுப்பின மனிதனொருவன் கணனி பயின்று நிறுவனத்தின் சம்பளக் கணக்கில் சில்லறைப் பின்னங்களைத் திருடும் கதையை வகுத்தனர். அது நல்ல தொடக்கம். வேலையின்மை மிகுந்திருந்த 1983 இற்குப் பொருத்தமானதும்கூட. பின்னர் பெருமுதலாளி ஒருவன் அவனைப் பயன்படுத்தி, செய்மதி மூலம் கொலம்பியாவின் கோப்பிப் பயிரைப் புயலால் அழிக்க முனைகிறான். உலக எண்ணெயைத் தன் கைக்குள் கொண்டுவரத் திட்டமிடுகிறான். தனிப்பயிர் ஏற்றுமதியை நம்பி வாழும் நாடுகளின் விலைகளைத் தொலைவிலிருந்து ஆட்டுவிப்போர் பற்றிய கதை இது. ஆயினும் கொலம்பியாவின் தோட்டத் தொழிலாளி ஒருவரது முகம் படத்தில் ஒருபோதும் பாத்திரமாவதில்லை. கோப்பி என்பது இங்கு ஒரு நகைச்சுவைத் துணுக்கு மட்டுமே.

எனினும் ஒரு காட்சி நிலைத்து நிற்கும். கலப்படமான கிறிப்ரனைற்றின் தாக்கத்தால் நாயகன் கெட்டவனாகிறான். உடை மங்குகிறது, முகம் சவரஞ் செய்யப்படாமல் கிடக்கிறது, மதுச்சாலையில் குடிக்கிறான். இறுதியில் பழைய வாகனங்கள் குவிக்கப்பட்ட இடமொன்றில் அவன் இரண்டாகப் பிரிகிறான், கெட்ட சுப்பர்மானும் மெலிந்த கிளார்க் கென்ற்றும் மோதுகின்றனர், வெல்பவன் கிளார்க். நான்கு படங்களிலும் சாதாரண மனிதன் வெல்லும் இடம் இஃதொன்றே எனலாம்.

1984 இல் வெளியான 'சுப்பர்கேர்ள்' தோல்வியடைந்ததன் பின் சல்கின்ட்கள் உரிமையை கனன் நிறுவனத்துக்குக் கைமாற்றினர். இஸ்ரேலியரான மெனஹெம் கோலான், யோராம் குளோபஸ் ஆகியோரது அந்நிறுவனம் குறைந்த செலவில் எண்ணற்ற படங்களைத் தயாரித்து வந்தது. மீண்டும் அப்பாத்திரத்தில் நடிக்க இசைந்தபோது றீவ் ஒரு நிபந்தனை விதித்தார். கதையின் கரு அவருடையதாக இருக்கவேண்டும். அவர் தெரிந்த கரு அணுவாயுத ஒழிப்பு. பள்ளிச் சிறுவன் ஒருவன் சுப்பர்மானுக்குக் கடிதம் எழுதுகிறான். உன்னால் முடியுமாயின் இவ்வாயுதங்களை ஏன் அழிக்கக்கூடாது எனக் கேட்கிறான். ஐம்பது ஆண்டுகால வரலாற்றில் இப்பாத்திரத்தை நோக்கி எழுப்பப்பட்ட வினாக்களுள் மிக இயல்பானதும் மிக ஆபத்தானதும் இதுவே. எல்லாம் வல்லவன் ஒருவன் நம்மிடையே இருப்பானாயின், உள்ள அநீதிகள் ஏன் அப்படியே இருக்கின்றன? முதல் மூன்று படங்களும் இவ்வினா எழாதவாறு கவனமாகக் கதை பின்னியவை.

நான்காம் படம் 1986 இன் பிற்பகுதியில் இங்கிலாந்தில் படமாக்கப்பட்டது. ரெய்க்யவிக் நகரில் றீகனும் கோர்பச்சேவும் சந்தித்து உடன்பாடின்றிப் பிரிந்த காலம் அது. படத்தில் நாயகன் ஐக்கிய நாடுகள் சபைக்கு நடந்து சென்று, தான் இவ்வாயுதங்களை அகற்றப்போவதாக அறிவிக்கிறான். ஏவுகணைகளைப் பெரும் வலையொன்றில் திரட்டிச் சூரியனுள் எறிகிறான். லெக்ஸ் லூதர் இம்முறை ஆயுத வியாபாரிகளுடன் கூட்டுச் சேருகிறான். ஆயுதங்கள் அழிந்தால் மீண்டும் விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 'டெய்லி பிளனற்' பத்திரிகையைப் பெருமுதலாளி ஒருவன் விலைக்கு வாங்கி மஞ்சள் பத்திரிகையாக்க முனைகிறான். ஆயுத வியாபாரி, பத்திரிகை முதலாளி ஆகிய இவர்கள் 1938 இன் பக்கங்களிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள் போலுள்ளனர். சீகலின் நாயகனுக்கு மிக அண்மையில் நிற்கும் படம் இந்நான்காவதே என்ற முடிவு வியப்பாகத் தோன்றலாம். எனினும் கதையமைப்பு அம்முடிவுக்கே இட்டுச் செல்கிறது.

துரதிர்ஷ்டவசமாக, இது மிக மோசமாக எடுக்கப்பட்ட படமுமாகும். பணநெருக்கடிக்குள்ளான கனன், ஏறத்தாழ 36 மில்லியன் டொலரெனத் திட்டமிட்ட செலவை 17 மில்லியனாகக் குறைத்தது. நியூயோர்க்கின் ஐக்கிய நாடுகள் தலைமையகத்துக்குப் பதிலாக இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் புகையிரத நிலைய முன்றலில் சிலரை நடக்கவிட்டுப் படம் பிடித்தனர். நாயகன் கமராவை நோக்கிப் பறந்துவரும் ஒரே காட்சி பின்னணி மட்டும் மாற்றப்பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. காற்றில்லா அண்டவெளியில் ஒரு பெண் மூச்சுத் திணறாமல் இருக்கிறாள். முன்னோட்டக் காட்சியின் பின் சுமார் 45 நிமிடப் பகுதி வெட்டப்பட்டு, எஞ்சிய 90 நிமிடமே 1987 ஜூலையில் வெளியாயிற்று. முதற்படம் ஐக்கிய அமெரிக்காவில் 134 மில்லியன் டொலர் ஈட்டியது. இது 16 மில்லியனைக்கூட எட்டவில்லை. றீவே 1998 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இப்படத்தின் தோல்வியை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

குற்றத்தைச் செலவுக்குறைப்பின்மேல் மட்டும் சுமத்திவிடுவதும் பொருந்தாது. வினாவை எழுப்பிய திரைக்கதை விடையை நோக்கிப் போகவில்லை. ஆயுதங்கள் அகன்றபின் அரசுகள் என்ன செய்தன என்பதனைக் காட்டாமல், சூரியனிலிருந்து தோன்றிய அணுமனிதன் ஒருவனுடன் சண்டையிடச் சென்றுவிடுகிறது. இறுதியில் நாயகன், சமாதானத்தைத் தன்னால் பரிசாக அளிக்க முடியாது, மக்கள் அதனை உறுதியுடன் வேண்டும்போதே அரசுகள் அதற்கு இணங்கும் என்ற கருத்துப்பட உரையாற்றுகிறான். இக்கூற்று ஒரு வகையில் சுப்பர்மான் என்ற கற்பனையையே மறுக்கும் கூற்றாகும். மேலிருந்து வந்து காப்பவன் இல்லை எனக் காப்பவனே கூறுகிறான். 1987 டிசெம்பரில், படம் வெளியாகி ஐந்து மாதங்களுள், நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் றீகனும் கோர்பச்சேவும் வாஷிங்டனில் கைச்சாத்திட்டனர். 2019 இல் அவ்வொப்பந்தமும் முடிவுக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தார்க்குப் பழக்கமான அளவுகோலிலேயே இப்படங்களை வகுப்புப் பிரிப்பதாயின், முதற்படத்துக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு உரியது; முதலாம் வகுப்புக்கு அதன் முடிவும் லூதரின் சித்திரிப்பும் தடையாகின்றன. இரண்டாம் படம் 1980 வடிவில் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு. 2006 வடிவு, விடைத்தாளின் சில பக்கங்கள் கிழிந்துபோயிருந்தும் மேற்பிரிவைத் தொட்டுவிடுகிறது. மூன்றாவது சாதாரண சித்தி, அதுவும் அந்தப் பழைய வாகனக் குவியற் காட்சிக்காக. நான்காவது சித்தியடையவில்லை. வினாத்தாளின் மிகக் கடினமான வினாவைத் தெரிந்து, கையெழுத்தும் புரியாமல், நேரமும் போதாமல் எழுதிக் கையளித்த பரீட்சார்த்தியின் விடைத்தாள் அது. அத்தகைய தாளைத் திருத்துவோர் சற்று நேரம் அதனைக் கையில் வைத்திருப்பது வழக்கம்.

இத்தொடருக்குப் பின்னரும் சுப்பர்மான் பலமுறை திரைக்கு வந்துள்ளான். 2006 இல் வெளியான 'சுப்பர்மான் றிற்றேர்ன்ஸ்' முதலிரண்டு படங்களின் தொடர்ச்சிபோல அமைந்து, பிராண்டோவின் பயன்படாத காட்சிகளையும் எடுத்தாண்டது. 2025 இல் ஜேம்ஸ் கன்னின் படம் வெளிவந்தது. அவற்றின் செலவும் தொழில்நுட்பமும் வேறு. அவை தனியே ஆராயத்தக்கன.

றீவைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 1995 இல் குதிரையிலிருந்து விழுந்து உடல் செயலிழந்ததும், 2004 இல் அவர் மறைந்ததும் பலரும் அறிந்தவை. 1987 நிகழ்ச்சி அத்துணை அறியப்பட்டதன்று. அவ்வாண்டு பினோசேயின் இராணுவ ஆட்சியிலிருந்த சிலி நாட்டில், நாட்டைவிட்டு வெளியேறாவிடின் கொல்லப்படுவர் என 77 நாடகக் கலைஞர்களுக்கு மிரட்டல் விடுக்கப்பட்டது. நவம்பர் இறுதிவரை தவணையும் குறிக்கப்பட்டது. சிலி எழுத்தாளர் ஏரியல் டோர்ஃப்மன் றீவை அணுகி, அங்கு செல்லுமாறு வேண்டினார். இந்த டோர்ஃப்மன், ஆர்மண்ட் மற்றலார்ட்டுடன் இணைந்து 1971 இல் டொனால்ட் டக் சித்திரக்கதைகளில் உறையும் அமெரிக்க ஏகாதிபத்தியச் சிந்தனையை அம்பலப்படுத்தி நூலெழுதியவர். 1973 இராணுவச் சதியின் பின் அந்நூல் தடைசெய்யப்பட்டு எரிக்கப்பட்டது. அவரும் நாடு கடந்து வாழ நேர்ந்தது. அமெரிக்கச் சித்திரக்கதைகளின் மிகக் கடுமையான விமர்சகர், அச்சித்திரக்கதைகளுள் முதன்மையான நாயகனின் முகத்தை உடையவரைத் துணைக்கு அழைத்தார். அம்முகத்தை உலகம் அறியும், அதனருகில் நிற்பவர்களைச் சுடுவது எளிதன்று என்பதே காரணம். றீவ் சந்தியாகோ சென்றார். அக்கலைஞர்களுடன் கூட்டத்தில் தோன்றினார். நான்காம் படம் திரையரங்குகளில் தோல்வியுற்று அப்போது நான்கு மாதங்களே கழிந்திருந்தன.